வடக்குச் சுவர் ஓரம்

ஆஷ்கம்ப் என்றொரு ஊர் இங்கிலாந்தில் இருக்கிறதாம்.
சனத்தொகை இருநூற்றுப் பன்னிரண்டு.
முகத்துவாரத்தில், எங்கள் ஒழுங்கைக்குள்
மீன் லொறி வந்தால் அதைவிடக் கூட்டம்.

எழுதியவர் ஹெட்லி ப்ரூம்,
ஓய்வுபெற்ற மாட்டு வைத்தியர்.
ஊர்ச் சரித்திரத்தைச் சிறு புத்தகமாகப் போட்டு
கடிதத்தோடு வைத்திருந்தார்.
கோயில் மணியை இரண்டு தரம் உருக்கி வார்த்தது,
ஆற்று வெள்ளம் பலிபீடப் படி வரை ஏறியது,
பன்றி களவெடுத்து மறியலுக்குப் போனவன்,
அவன் பேரன் அதே கோயிலில்
காணிக்கைத் தட்டு ஏந்தியது.
வயல்களுக்குக்கூடப் பெயர்:
பசிமேடு, விதவைக் காணி, பன்னிரண்டு ஏக்கர்,
ஒன்றுக்கும் உதவாதது.
ஆம், அதுவும் ஒரு வயலின் பெயர்.
முந்நூறு வருஷமாக மறக்கவில்லை.

அவருக்கு வேண்டியது ஒரு கல்லறையின் படம்.
தோமஸ் வில்மொட், வயது இருபத்து நான்கு,
ரயில் பாதை போட வந்து
கொழும்பில் வாந்திபேதியில் செத்த பொடியன்.
எங்கள் சுவரில் பெயர் இருக்கிறது,
எந்த மண் என்றுதான் தெரியவில்லை, என்றிருந்தார்.

குருவானவர் கடிதத்தை என்னிடம் தள்ளினார்.
அலுமாரிச் சாவி என்னிடம்.
முப்பத்தொரு வருஷம் டெலிகொம்மில்
ட்ரங்க் கோல் இணைத்தவள்;
மறுமுனை கிடைக்கும் வரை வைக்க மாட்டேன்.

அடக்கப் பதிவேடு, ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து மூன்று.
வில்மொட்டின் பாதியைப் பூச்சி தின்றிருந்தது.
மிச்சப் பாதி போதும்.
பழைய சேமக்காலையைத் துறைமுக வீதி
என்றோ எடுத்துக்கொண்டது.
இப்போது கொள்கலன் லொறிகள் இரவு படுக்கிற இடம்.
வரைபடத்தை மடித்து, அடி அளந்து போய்
மூன்றாம் வரிசையில் நின்றேன்.
ஒரு கிளீனர் பொடியன்
மண்ணெண்ணெய் அடுப்பில் பருப்பு வைத்துக்கொண்டிருந்தான்,
அநேகமாகத் தோமஸின் நெஞ்சுக்கு நேர் மேலே.
நான் படம் எடுக்க, அவன் எழும்பி நின்று கேட்டான்:
"அக்கா, லீஸிங் கொம்பனியா?"

அதோடு முடிந்திருக்கும்.
ஆனால் புத்தகத்தின் முப்பத்தோராம் பக்கத்தில்
டிரேட்டன் என்றொரு துரை.
கோப்பித் தோட்டத்தை நேரத்தோடு விற்றுத் திரும்பி
பெரிய வீட்டை வாங்கியவர்,
ஊருக்குக் கிரிக்கெட் திடல் கொடுத்தவர்.
அந்தப் பெயரை நான் வேறெங்கோ கண்டிருந்தேன்.
இரண்டு பின்னேரம் தேடினேன்.
ஞானஸ்நானப் பதிவேடு, ஐம்பத்தொன்பதாம் வருஷம்:
ரெபேக்காள். தகப்பன் ஞானாதிக்கம், வள்ளக்காரன்.
ஓரத்தில் வேறொரு கையெழுத்து:
எண்பத்து நாலில் டிரேட்டன் குடும்பத்தோடு
ஆயாவாகக் கப்பல் ஏறினாள்.
அதன் பிறகு எங்கள் ஏடுகளில் அவள் இல்லை.
விவாகத்தில் இல்லை. அடக்கத்தில் இல்லை.

பதில் எழுதினேன்.
படம் இணைத்துள்ளேன்; பருப்புச் சட்டியைப் பாராட்ட வேண்டாம்.
உங்கள் ஆளை எங்கள் ஏடு வைத்திருக்கிறது.
எங்கள் ஆள் உங்கள் ஏட்டில் உண்டா?

ஏழு கிழமை.
பிறகு வந்தது, இந்த முறை கையெழுத்தில்.
எண்பத்தாறு, மாசி மாதம்.
வடக்குச் சுவர் ஓரம், வெயில் விழாத பக்கம்.
"டிரேட்டன் வீட்டு ஆயா, இலங்கைக்காரி."
அவ்வளவுதான் எழுதியிருக்கிறதாம்.
நாற்பது வருஷமாக நாயோடு
அவ்வழியே நடக்கிறேன், என்று எழுதி
ஒரு வரியை வெட்டியிருந்தார்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், வாசிக்க முடியவில்லை.

கோபம் வரவில்லை என்றால் பொய்.
அந்த வயலின் பெயர்தான் திரும்பத் திரும்ப வந்தது.

கறுப்பு மை கிடைக்கவில்லை. நீலப் பேனையால்
எங்கள் ஏட்டின் ஓரத்தில் எழுதினேன்:
ஆஷ்கம்ப், வடக்குச் சுவர்.
பிறகு அவருக்கு, ஒரு தாளில், பெரிய எழுத்தில்,
தமிழிலும் இங்கிலீஷிலும் அவள் பெயர்.
கீழே ஒரு குறிப்பு:
கல் வெட்டுகிறவரிடம் சொல்லுங்கள்,
கடைசி எழுத்துக்கு நாக்கை மேலே மடிக்க வேண்டும்.
வராவிட்டால் பரவாயில்லை.
விட்டுவிட மட்டும் வேண்டாம்.